எல்லாக் கேரக்டர்களும் 50 சதவீதத்தில் நிற்க வேண்டுமா? சண்டை விளையாட்டுகளில் சமநிலை குறித்து ஒரு பதில்

பெருந்துறையில் படித்துக்கொண்டே நண்பர்களோடு சேர்ந்து, இருவர் மோதும் சண்டை விளையாட்டு (வீடியோ கேம்) ஒன்றை உருவாக்கி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆறு கேரக்டர்கள். விடுதியில் ஏறத்தாழ 200 ஆட்டங்கள் ஆடிப் பார்த்ததில் சிலம்பக்காரர் 62 சதவீத ஆட்டங்களில் வென்றிருக்கிறார், மல்லர் 41 சதவீதத்தில் நிற்கிறார். எல்லோரும் 50க்கு வரும்வரை எண்களைத் திருத்த வேண்டும் என்கிறார் உங்கள் குழுவில் ஒருவர். வலுத்தவரும் இளைத்தவரும் இருந்தால்தான் ஆட்டம் சுவைக்கும் என்கிறார் இன்னொருவர். இருவரில் யார் சொல்வது சரி என்றும், இறுதிச் சுற்றில் வரும் வில்லனை ஏழாவது கேரக்டராக ஆடக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை மறுபடி படித்தபோது, இந்த 62 என்ற எண்ணை நம்பிச் சிலம்பக்காரர் மீது கை வைக்கலாமா, வைத்தால் எதைக் குறைத்தால் அவர் சிலம்பக்காரராகவே இருப்பார் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குப் பட்டது. முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். காந்திபுரம் பக்கத்து கேம் சென்டர்களில் டெக்கன் 3 என்ற சண்டை விளையாட்டை ஆடி வளர்ந்தவன்; பிறகு பல ஆண்டுகளாக இங்கே சிறிய அளவில் போட்டிகளும் நடத்தி வருகிறேன். விளையாட்டு நிறுவனம் எதிலும் வேலை பார்த்தவன் இல்லை. ஆகவே எண்களைப் பற்றியும் ஆடுகிறவர்களின் நடத்தையைப் பற்றியும் நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வடிவமைப்பைப் பற்றிச் சொல்வதை நெடுநாள் கவனித்தவன் ஒருவனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விளையாட்டை நான் ஆடிப் பார்க்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

200 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு இருவர் என்றால் மொத்தம் 400 இடங்கள். அவை ஆறு பேருக்கும் ஓரளவு சமமாகப் பிரிந்திருந்தால் சிலம்பக்காரர் ஆடியது 67 ஆட்டங்கள் அளவில்தான் இருக்கும். சரிபாதி வலுவுள்ள ஒரு கேரக்டர் 67 ஆட்டங்கள் ஆடும்போது, வெறும் தற்செயலாலேயே அதன் வெற்றி வீதம் 6 புள்ளிகள் மேலோ கீழோ விலகுவது மிகச் சாதாரணம். 12 புள்ளிகள் விலகுவது அரிதுதான், ஆனாலும் நடக்கக்கூடியதே. அதிலும் நீங்கள் ஆறு பேரையும் வரிசைப்படுத்திவிட்டு உச்சியில் நிற்பவரைச் சுட்டிக் கேட்கிறீர்கள். ஆறு பேரும் முற்றிலும் சமமாக இருந்தாலும்கூட, அவர்களில் யாராவது ஒருவர் தற்செயலாக அந்த உயரத்துக்கு ஏறிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் ஒன்று. ஆகையால் சிலம்பக்காரரைக் கூர்ந்து கவனிக்க இந்த எண் போதுமான காரணம். அவரைத் திருத்துவதற்கு இது மட்டும் போதாது. மல்லரின் 41க்கும் இதே கணக்குத்தான்.

இதைவிட முக்கியமாக, சிலம்பக்காரரைக் கையில் எடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். விடுதியிலேயே நன்றாக ஆடும் இரண்டு பேர் அவரைத் தங்கள் கேரக்டராக வரித்துக்கொண்டிருந்தால், அந்த 62 சதவீதத்தில் பெரும்பகுதி அவர்களுடைய திறமைக்குச் சேர வேண்டியது. பெரிய விளையாட்டுகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. யாரும் தொடாத ஒரு கேரக்டரை அதன்மேல் பற்றுக்கொண்ட சிலர் மட்டும் ஆழமாகக் கற்று ஆடும்போது அதன் வெற்றி வீதம் உண்மை வலுவைவிட உயர்ந்து தெரியும். எல்லோரும் ஆசையோடு எடுத்துப் பார்க்கும் புதிய கேரக்டருக்கு, பழகாத கைகளும் அதில் சேர்ந்துகொள்வதால், வீதம் தாழ்ந்து தெரியும். இனிமேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கேரக்டரின் பெயரோடு ஆடியவரின் பெயரையும், அது எந்த நாளில் ஆடப்பட்டது என்பதையும் குறித்து வையுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் வெற்றி வீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

இனி 50 என்ற இலக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்றே கேரக்டர்கள் உள்ள ஒரு விளையாட்டை நினைத்துப் பாருங்கள். முதலாமவர் இரண்டாமவரைப் பத்துக்கு ஒன்பது முறை வெல்கிறார், இரண்டாமவர் மூன்றாமவரை அப்படியே வெல்கிறார், மூன்றாமவர் முதலாமவரை அப்படியே வெல்கிறார். மூவரின் சராசரியும் 50தான். உங்கள் நண்பரின் அளவுகோலில் இது குறையே இல்லாத விளையாட்டு. ஆனால் இதில் கேரக்டரைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடக்கும் சண்டைக்குப் பொருளே இல்லை. இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு கேரக்டர் மற்ற எல்லோருக்கும் எதிராக 55க்கு 45 என்று சற்றே முன்னிற்கும் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். பட்டியலில் அவர் தனியாக முதலிடத்தில் நிற்பார், அவரைக் குறைக்கச் சொல்லிக் குரல் எழும்; ஆனால் அங்கே ஒவ்வொரு ஆட்டமும் ஆடித் தீர்க்க வேண்டிய ஆட்டமாக இருக்கும். எனக்கு இரண்டாவது விளையாட்டே மேல். சராசரியை விட்டுவிட்டு ஜோடிகளைத் தனித்தனியே பாருங்கள். உங்கள் ஆறு கேரக்டர்களுக்குள், ஒரே கேரக்டர் இருபுறமும் நிற்பதை நீக்கினால், 15 ஜோடிகள் இருக்கின்றன.

ஒரு ஜோடியில் எவ்வளவு சாய்வைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு கணக்கு உதவும். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இரு கேரக்டர்களுக்கு இடையிலான நிலையைப் பத்து ஆட்டங்களில் இன்னாருக்கு இத்தனை என்று எழுதும் வழக்கம் உண்டு: 6க்கு 4, 7க்கு 3 என்பதுபோல. ஓர் ஆட்டத்தில் 55 சதவீத வாய்ப்புள்ளவர், முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கே வெற்றி என்ற முறையில் 59 சதவீத வாய்ப்பைப் பெறுவார். 6க்கு 4 என்ற சாய்வு அதே முறையில் 68 ஆகும். 7க்கு 3 என்றால் 84. தொடர் நீள நீளச் சாய்வு பெருகும். முதலில் பத்து வெல்ல வேண்டும் என்று வைத்தால் 6க்கு 4கூட 80க்கு மேல் போய்விடும். போட்டிகளை நடத்தியவன் என்ற முறையில் என் கருத்து இது: 6க்கு 4 வரை ஆடுபவர் தம் உழைப்பால் ஈடுகட்டிவிடுகிறார், அதற்காகப் பயிற்சி செய்கிறார், வென்றால் அது பெருமை. 7க்கு 3க்கு வந்தபின் பயிற்சி செய்வதை விட்டுவிட்டு வேறு கேரக்டரைத் தேடத் தொடங்குகிறார். அந்த எல்லையைத்தான் நீங்கள் கண்காணிக்க வேண்டும்.

ஒரு ஜோடியில் 55க்கு 45 போன்ற சிறிய சாய்வை ஓரளவு நம்பிக்கையோடு கண்டறியக் குறைந்தது 400 ஆட்டங்கள் வேண்டும். 15 ஜோடிகளுக்கு 6,000. அத்தனை ஆட்டங்கள் ஆடி முடிப்பதற்குள் ஆடுகிறவர்களே மாறியிருப்பார்கள், முதல் மாதத்தில் யாருக்கும் தெரியாத தடுப்புமுறை மூன்றாம் மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சிறிய சாய்வுகளை எண்களால் துரத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். 7க்கு 3 போன்ற பெரிய சாய்வு, ஒரு ஜோடிக்கு 50 ஆட்டங்களிலேயே பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

சமநிலை என்பது சம வலு என்றால், அதை முழுமையாக அடைய ஒரு வழி உண்டு: இருவருக்கும் ஒரே கேரக்டரைக் கொடுத்துவிடுவது. கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். இருவர் ஒரே கேரக்டரை எடுக்க அதில் வழியில்லை. அடுத்த ஆண்டு வந்த சாம்பியன் எடிஷன் அதை அனுமதித்தது. வலுத்தவர் யாராயினும் இருவருமே எடுத்துக்கொள்ளலாம் என்றானபோது ஒருவகை நியாயம் கிடைத்தது உண்மை. ஆனால் அந்த நியாயத்துக்காக மட்டும் ஆடுவதானால் ஒரு கேரக்டரே போதும், எட்டுப் பேரை வரைய வேண்டியதில்லை. நம் பக்கத்து ரேக்ளாப் பந்தயத்தில் காளைகளின் வயதையொட்டி 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரித்து ஓட்டுகிறார்கள், ஒப்பானவை ஒப்பானவற்றோடு மோதட்டும் என்று. சண்டை விளையாட்டு அந்த வழியை வேண்டுமென்றே மறுத்துவிட்ட கலை. நீண்ட கோல் வைத்திருப்பவரையும் வெறுங்கை மல்லரையும் ஒரே களத்தில் நிறுத்துகிறது. ஆகவே சமத்துவத்தை அவர்களின் உடலில் தேடிப் பயனில்லை. ஒருவர் வைக்கும் கேள்விக்கு மற்றவரிடம் பதில் இருக்கிறதா என்பதில்தான் தேட வேண்டும்.

ஒரு கேரக்டரின் ஒவ்வொரு வலிமைக்கும் எதிராளியிடம் ஏதேனும் ஒரு பதில் இருக்க வேண்டும், அந்த வலிமையைப் பயன்படுத்துகிறவர் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். என் வரையில் சமநிலை இதுதான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் வரும் கைல் என்ற கேரக்டர் இதற்கு நல்ல பாடம். தூரத்திலிருந்து அலைபோல் வீசும் சோனிக் பூம், மேலே பாய்ந்து வருபவரை வீழ்த்தும் ஃபிளாஷ் கிக் ஆகிய இரண்டும் ஒருவரிடமே இருப்பது பெரும் வலிமை. ஆனால் முதலாவதற்குக் கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்பக்கமும் இரண்டாவதற்குக் கீழ்ப்பக்கமும் சற்று நேரம் பிடித்திருந்தே ஆக வேண்டும். முன்னேறி நடக்கும் கைலிடம் அந்த இரண்டும் தயாராக இல்லை என்பதை எதிராளி கண்ணால் பார்த்தே அறியலாம். இந்த விலை, அடி விழுந்தாலும் விழாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் கொடுக்கப்படுகிறது. முதல் பதிப்பில் இந்த விலை போதவில்லை, கைலே மிக வலுத்தவராக நின்றார் என்பது வேறு விஷயம். விலையின் வடிவம் சரியானது, அளவுதான் குறைவு.

இதோடு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4இல் கையாண்ட இன்னொரு முறையை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ரியு என்ற கேரக்டருக்கு 1,000 உயிர்ப் புள்ளிகள் என்றால் ஜாங்கீஃபுக்கு 1,100, அகூமாவுக்கு 850. தாக்கும் ஆற்றல் மிகுந்தவருக்கு உயிர் குறைவு என்ற கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் இந்த விலையை அடிபடும்போது மட்டுமே கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை எதிராளியைக் கீழே தள்ளிவிட்டு, எழவிடாமல் தொடர்ந்து தாக்கத் தெரிந்தவர் அந்த விலையைக் கொடுக்காமலே ஆட்டத்தை முடித்துவிடுவார். கற்றுக்கொண்டிருப்பவரோ அதை முழுமையாகக் கொடுப்பார். திறமை கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும் விலையால் வலுவை ஈடுகட்டுவது நிலையான முறையாகாது. ஆகையால் சிலம்பக்காரரின் உயிர்ப் புள்ளியைக் குறைக்கலாமா என்று உங்கள் நண்பர் கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன்.

இதைத் தொட்டே, சமநிலை ஆடுபவரின் தரத்துக்கேற்ப மாறுவதையும் சொல்ல வேண்டும். கோவையிலும் ஈரோட்டிலும் பிளேஸ்டேஷனை மணிக் கணக்கில் வாடகைக்கு விட்ட கடைகளில் டெக்கன் 3 ஆடியவர்களுக்கு எட்டி கார்டோவைத் தெரிந்திருக்கும். பட்டன்களைக் கண்டபடி அழுத்தினாலே காலைச் சுழற்றி அடித்துக்கொண்டே இருப்பார். "எட்டிய எடுத்தா நான் ஆட்டத்துக்கு வரமாட்டேன்" என்பது நான் ஆடிய கடைகளில் எழுதப்படாத சட்டமாக இருந்தது. ஆனால் தாழ்ந்த உதைகளைத் தடுக்கவும், தடுத்த மறுகணம் திருப்பி அடிக்கவும் கற்றுக்கொண்டவருக்கு எதிராக எட்டி அத்தனை அச்சத்துக்குரியவர் அல்லர். புதியவர்கள் நடுவே மிக வலுத்தவர், தேர்ந்தவர்கள் நடுவே சாதாரணமானவர். இரண்டும் ஒரே கேரக்டரைப் பற்றிய உண்மைகள். உங்கள் விடுதி இந்த இரண்டில் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் 62ஐ வாசிக்க முடியாது. ஆட்டத்தை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நீளமான கோல் வைத்திருப்பவர் வெல்வதும், அருகே நெருங்கத் தெரிந்தால்தான் பயன்படும் மல்லர் தோற்பதும் எதிர்பார்க்க வேண்டிய விளைவுகளே.

தேர்ந்தவர்களின் களத்திலும் இப்படிப்பட்ட எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. 1994இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் அகூமா மறைந்திருக்கும் கேரக்டர். காற்றில் இருந்தபடியே கீழ்நோக்கி அவர் எறியும் நெருப்புப் பந்துக்குப் பல கேரக்டர்களிடம் பதிலே இல்லை. போட்டிகளில் அவருக்குத் தடை. இதில் கருத்து வேறுபாடு கிடையாது. அதே விளையாட்டில் சாகாட் என்ற கேரக்டரைப் பழைய பதிப்பில் இருந்தபடியே எடுக்கவும் முடியும். அவரை எந்த விதியும் தடுக்கவில்லை, ஆனாலும் ஜப்பானிய ஆட்டக்காரர்கள் தாங்களாகவே எடுக்காமல் தவிர்த்தார்கள். தவிர்க்கும் அளவுக்கு அவர் உண்மையில் வலுத்தவரா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அகூமாவின் கதை தெளிவானது, சாகாட்டின் கதை ஐயத்துக்குரியது. உங்கள் கேரக்டர் இந்த இரண்டில் எந்த வகை என்று முதலில் கண்டுகொள்ளுங்கள். பதிலே இல்லை என்றால் உடனே திருத்த வேண்டும். பதில் கடினமாக இருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது நண்பரின் வாதத்துக்கும் வலுவான சாட்சி இருக்கிறது. 2000இல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2இல் 56 கேரக்டர்கள். மூவராகச் சேர்த்து ஓர் அணி. 27,720 விதமாக அணி அமைக்கலாம். ஆனால் மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் ஆகிய நால்வர் மற்றவர்களைவிட வெகு உயரத்தில் நின்றார்கள், பெரிய போட்டிகளில் இந்த நால்வரைச் சுற்றியே அணிகள் அமைந்தன. பட்டியலை வைத்துப் பார்த்தால் இது படுதோல்வி. ஆனாலும் அமெரிக்காவில் நடக்கும் ஈவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியில் 2010 வரை அந்த விளையாட்டு இடம்பெற்றது, இன்றும் அதை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நால்வரும் ஒருவரைப்போல் ஒருவர் ஆடுவதில்லை, அவர்களுக்குள் நடக்கும் சண்டை அவ்வளவு செறிவானது என்பது ஒரு காரணம். இளைத்தவர்களுக்கும் அதில் வேலை இருந்தது என்பது இன்னொன்று: சைலாக், கேப்டன் கமாண்டோ போன்றவர்கள் ஒரு கணம் உள்ளே வந்து உதவிவிட்டுப் போகும் துணையாகவே பெரிய அணிகளில் இடம் பிடித்தார்கள். ஆனால் 56 பேர் உள்ள விளையாட்டு 50 பேரை இழந்தாலும் மீதியோடு பிழைத்துக்கொள்ளும். ஆறு பேர் உள்ள உங்கள் விளையாட்டில் இருவர் பயனற்றுப் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருந்தும், உங்கள் நிலைமைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காத்திருக்கச் சொல்வதற்கு என்னிடம் உள்ள மிக வலுவான சான்று சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே. 2001இல் வந்த அந்த விளையாட்டை இன்றைய முறையில் இணையம் வழியாகத் திருத்த வழியே இல்லை. அதில் 26 கேரக்டர்கள். யோஷியை யாரும் பெரிய போட்டி வெல்லும் கேரக்டராகக் கருதியதில்லை. 2022இல், 21 ஆண்டுகள் கழித்து, ஆம்சா என்ற பெயரில் ஆடும் ஜப்பானியர் யோஷியோடு தி பிக் ஹவுஸ் 10 போட்டியை வென்றார். விளையாட்டில் ஓர் எண்கூட மாறவில்லை, அதைப் பற்றிய அறிவு மாறியிருந்தது. அறிவு ஊருக்கு ஊர் வேறுபடுவதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2019இல் லாகூரைச் சேர்ந்த அர்ஸலான் ஆஷ், வெளியுலகம் அதிகம் கேள்விப்படாத ஓர் ஆட்டக் கூட்டத்திலிருந்து வந்து, டெக்கன் 7இல் ஈவோ ஜப்பான், ஈவோ இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார். கொரியாவும் ஜப்பானும்தான் அந்த விளையாட்டின் உச்சம் என்று இருந்த எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. ஒரு விடுதிக்குள் சேர்ந்த அறிவு அந்த விடுதிக்கு மட்டுமே உரியது. திருப்பூரிலோ சேலத்திலோ உங்கள் முகமே அறியாத சிலரிடம் விளையாட்டைக் கொடுத்துப் பாருங்கள், வேறொரு பட்டியல் வரக்கூடும்.

இருந்தாலும் பொறுமை எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. அதே டெக்கன் 7இல் 2019 டிசம்பரில் லீராய் ஸ்மித் என்ற கேரக்டர் தனி விலைக்கு வந்தார். அடுத்த மாதமே நடந்த ஈவோ ஜப்பானில் கடைசி எட்டுப் பேரில் பெரும்பாலோர் அவரையே ஆடினார்கள். தற்காப்பு, பெரும் சேதம், ஆபத்தில்லாத தாக்குதல் எல்லாமே அவரிடம் சேர்ந்திருந்தன. எதற்கும் அவர் விலை கொடுக்கவில்லை. நிறுவனம் பின்னர் அவரைக் குறைத்தது, குறைத்தது சரிதான். ஒரு மாதத்துக்குள் வெவ்வேறு நாட்டு வல்லுநர்கள், தாங்கள் பல ஆண்டுகள் பழகிய கேரக்டர்களை விட்டுவிட்டு ஒருவர்பக்கம் சாய்ந்தால், அது வெற்றி வீதத்தைவிட நம்பத்தகுந்த அடையாளம். உங்கள் விடுதியிலும் இதைப் பார்க்கலாம். மல்லரை விரும்பி ஆடியவர் அவரைக் கைவிட்டுவிட்டுச் சிலம்பத்துக்கு மாறினாரா, மாறிய பிறகு திரும்பி வந்தாரா என்று கவனியுங்கள்.

அடிக்கடி திருத்துவது நல்லதா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களின் காலத்தில் திருத்தம் என்றால் புதிய பதிப்பை உருவாக்கிக் கடைகளுக்கு விற்க வேண்டும். ஆட்டக்காரர்கள் இருப்பதோடு நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள், அதிலிருந்தே பல நுட்பங்கள் பிறந்தன. இப்போது இணையம் வழியே எந்த நாளும் மாற்றலாம். மாற்றங்கள் தவறுகளை விரைவில் சரிசெய்கின்றன என்பது உண்மை. ஆடுபவர் பதில் தேடுவதை விட்டுவிட்டு அடுத்த திருத்தத்துக்காகக் காத்திருக்கப் பழகிவிடுகிறார் என்பதையும் நான் நடத்தும் போட்டிகளில் காண்கிறேன். இதில் எது கூடுதல் என்று அளந்து சொல்ல என்னால் முடியாது.

சிலம்பக்காரரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். உங்கள் விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் படம்) ஓடுவதாக வைத்துக்கொண்டால் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. கண்ணால் கண்டு கை அசைய மனிதருக்குக் கால் நொடி அளவு, அதாவது 15 ஃபிரேம் அளவு, ஆகும். சிலம்பக்காரரின் நீண்ட அடி 15 ஃபிரேமுக்குள் விழுந்துவிட்டால் அதைப் பார்த்துத் தடுக்க முடியாது, முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். ஊகிக்க வைப்பது தவறில்லை. ஆனால் ஊகித்துச் சரியாக ஒதுங்கியவருக்கு என்ன கிடைக்கிறது? கோல் வெறுங்காற்றில் சுழன்று முடிந்து அவர் பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்துக்குள் மல்லர் ஓடிவந்து பிடிக்க முடிகிறதா? முடியாவிட்டால் அங்கேதான் கோளாறு. கோலின் நீளத்தையும் அடியின் சேதத்தையும் விட்டுவிட்டு, தவறிய அடிக்குப் பிறகு மீளும் நேரத்தை மட்டும் மூன்று நான்கு ஃபிரேம் கூட்டிப் பாருங்கள். கோல் சுழலும் தூரத்துக்கு உள்ளே நுழைந்துவிட்டவருக்கு எதிராக அவரிடம் வேகமான அடி ஏதும் இருந்தால் அதையும் மெதுவாக்கலாம்; நீண்ட கோல் நெருக்கத்தில் உதவாது என்பது பார்க்கிறவருக்கும் இயல்பாகப் புரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று பிறகு சொல்ல இயலாது.

எல்லோருக்கும் பொதுவான ஒரு தற்காப்பைக் கொடுப்பது இன்னொரு வழி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3இல் அடி விழும் கணத்தில் குச்சியை முன்னே தட்டினால் சேதமின்றி அடியைத் தட்டிவிடலாம். தவறினால் தடுப்பின்றி அடிபட வேண்டும். 2004 ஈவோவில், ஓர் அடி பட்டாலும் முடிந்துவிடும் என்ற நிலையில் இருந்த உமேஹாரா டைகோ, கென் என்ற கேரக்டரை வைத்து, ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லியின் 15 அடித் தொடரை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்து வென்றார். அந்த விளையாட்டில் சுன்-லியும் யுன்னும் கென்னும் மற்றவர்களைவிட நன்றாகவே மேலே நின்றவர்கள். ஆனாலும் யாரிடமும் ஏதோ ஒரு பதில் இருக்கிறது என்ற நம்பிக்கையை அந்தப் பொது உத்தி காப்பாற்றியது. 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, தாக்கவும் தற்காக்கவும் செலவிடக்கூடிய, ஆறு கட்டங்கள் கொண்ட டிரைவ் அளவியை எல்லோருக்கும் கொடுத்திருப்பதும் இந்த வழியில்தான். இதன் ஆபத்து, எல்லோரும் ஒரே உத்தியை நம்பி ஒரே மாதிரி ஆடத் தொடங்குவது. பொது உத்தி வலுவாக வலுவாகச் சிலம்பமும் மல்லும் மங்கிவிடும். முதலில் மேலே சொன்ன சிறு மாற்றத்தைச் செய்து பாருங்கள். ஒரு ஜோடிக்கு மேல் 7க்கு 3ஐத் தாண்டி நின்றால் மட்டும் பொதுத் தற்காப்பைப் பற்றி யோசியுங்கள்.

வில்லனைப் பற்றிய கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பது. கணினி ஆடுவதற்காக உருவாக்கிய கேரக்டருக்கு விலையே இல்லாத வலிமைகளைக் கொடுத்திருப்பீர்கள், அதுதான் அவர் வேலை. அவரை அப்படியே மனிதர் கையில் கொடுத்தால் அகூமாவின் நிலைதான் வரும். ஆசைப்படுகிறவர்கள் ஆடிக்கொள்ளட்டும் என்றால் போட்டிக்கு உரியவர் அல்லர் என்று தேர்வுத் திரையிலேயே எழுதிவிட்டுத் திறந்து விடுங்கள், அதில் நேர்மைக் குறைவு ஏதும் இல்லை. போட்டிக்கும் உரியவராக்க வேண்டுமென்றால், ஏழாவது கேரக்டர் வரும்போது புதிதாக ஆறு ஜோடிகள் சேர்ந்து மொத்தம் 21 ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, இப்போதுள்ள 15 ஜோடிகளில் ஒவ்வொன்றையும் 50 ஆட்டங்களாவது, ஆடியவர் பெயரோடு, ஆடி முடித்த பிறகு தொடங்குங்கள்.